முப்பத்தொன்று, பன்னிரண்டு

நிஸ்வாவில் ஏறும்போதே பியூலா மிஸ் சொல்லிவிட்டார்:
வாந்தி வந்தால் அவரவர் பைக்குள்,
பந்துகள் இருக்கைக்கு அடியில்,
இன்னும் எவ்வளவு தூரம் என்று
டிரைவர் ஷேர் ஜமானிடம் ஒருத்தியும் கேட்கக் கூடாது.

சலாலாவுக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
எட்டுப் பெண்கள், மூன்று பந்து,
ஜெபக்கனியின் அம்மா அடுக்கிய முட்டை சாண்ட்விச்.
என் பனியனில் பதிமூன்று.
எட்டுப் பேர் அணியில் பதிமூன்று எதற்கென்றால்
மற்ற எண்கள் போன வருடத்துப் பெண்களோடு
விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டன.

ஆதம் தாண்டியதும் ஒன்றுமில்லை.
ஒட்டகம் குறுக்கிடும் என்று பலகை.
பலகைகள்தான் வந்துகொண்டே இருந்தன.
பிரேக் விழும்போதெல்லாம் பந்துகள்
எங்கள் கணுக்கால்களை எண்ணியபடி முன்னே போய்
கணக்குத் தப்பியதுபோல் திரும்பி வந்தன.

ஹைமா. நாற்பத்தாறு டிகிரி.
பெட்ரோல் பங்கின் பின்சுவரில்
ருக்சானா கிரீஸ் தொட்டு ஒரு வட்டம் போட்டாள்.
ஒரு கையில் சிப்ஸ் நொறுக்கிச் சுருட்டிய பரோட்டா,
மறு கையில் பந்து.
டீசல் போட வந்த லாரிக்காரர் ஒருவர்
கேட்காமலே பந்தை வாங்கினார்,
இடக்கையால் எறிந்தார்.
வட்டத்துக்கு நடுவில்.
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
ஏறிப் போயே போனார்.
அடுத்த இருநூறு கிலோமீட்டர்
அவர் எந்த ஊர் என்பதே பேச்சு.
கொல்லம் என்றாள் நாச்சம்மை.
லுங்கியைப் பார்த்த பிறகும்
பெஷாவர் என்றார் ஷேர் ஜமான்.

தும்ரைத் கழிந்து மலை இறங்குகையில்
கண்ணாடி சட்டென்று வெளுத்தது.
ஜன்னலில் சாய்த்த நெற்றி குளிர்ந்தது.
ஷேர் ஜமான் வைப்பரைத் தட்டினார்.
வாங்கிய நாள்முதல் வேலையின்றி
வெயிலில் கிடந்த ரப்பர்
கிறீச்சென்று ஒருமுறை கத்தி
இரண்டாகப் பிய்ந்து பறந்தது.
அப்புறம் கழுத்தை வெளியே நீட்டித்தான் ஓட்டினார்.
இன்னும் எவ்வளவு தூரம்?
கேட்டது பியூலா மிஸ்.

காலை எட்டுக்கு ஆட்டம். கூரையில்லாத மைதானம்.
வளையத்தின்மேல் மேகம் உட்கார்ந்திருந்தது.
மழை என்று சொல்ல முடியாது,
மேலே யாரோ ஈரத் துணியை உதறுவதுபோல.
‘சாரல்’ என்று நான் தமிழ்ப் பரீட்சையில்
கோடிட்ட இடத்தை நிரப்பியிருக்கிறேன்.
முழு மதிப்பெண்.
அது பின்கழுத்தில் விழும் என்று யாரும் எழுதவில்லை.

சலாலாப் பெண்கள் குதிகால் ஊன்றாமல் ஓடினார்கள்.
எங்கள் பந்து தரையைத் தொட்டதும்
அங்கேயே தங்கிவிடப் பார்த்தது.
முதலில் நாச்சம்மை வழுக்கினாள்.
பிறகு ருக்சானா, அவள்மேல் ஜெபக்கனி.
பெஞ்சில் மிச்சம் நான்.
மிஸ் என்னைப் பார்த்தார்,
மேகத்தைப் பார்த்தார்,
வேறு வழியில்லாமல் மறுபடி என்னை.

அணியிலேயே மெதுவாக ஓடுகிறவள் நான்.
மெதுவாக ஓடுகிறவள் விழுவதில்லை.
பதினோரு நிமிடம், விழாமல்.

ஒரே ஒரு தடவை பந்து வந்தது.
இடக்கையால் எறிந்தேன்.
கதவு திறக்கக்கூட நான் நம்பாத கை அது.
பந்து பலகையில் பட்டு, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி,
வலையில் தேங்கியிருந்த தண்ணீரையெல்லாம்
என் முகத்தில் கொட்டிவிட்டு
வெளியே விழுந்தது.

முப்பத்தொன்று, பன்னிரண்டு.
பன்னிரண்டில் என்னுடையது எதுவுமில்லை.

திரும்பும் வழியில் ஹைமா சுவரில்
எங்கள் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்,
இன்னும் சின்னதாக,
யாரோ போட்டிருந்தார்கள்.
ஷேர் ஜமான் இறங்கி நெடுநேரம் பார்த்தார்.

வீட்டில் அம்மா பையைத் திறந்து மூக்கைச் சுளித்தாள்.
என்னடி இது, ஷூவெல்லாம் சொதசொத என்று.
பால்கனியில் வை, பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

வைக்கலாம், என்றேன்.